வணிகவியல் துறையும் நமது கடைப் பேரேடும்

"பி.காம். படித்த பையன் என்று கணக்குக்கு வைத்தேன். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்த்து எழுதத் தெரியவில்லை" என்ற குறை நம் கடைவீதியில் அடிக்கடி கேட்கும் குறையாகும். கல்லூரிப் பக்கம் போனால் அங்கே வேறொரு குறை சொல்லுகிறார்கள். "கடைக்காரர்கள் கேட்பது கணக்கு படித்தவனை அல்ல, கம்ப்யூட்டரில் பில் போடும் ஆளை. அதற்கு மூன்று வருடப் படிப்பு எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

இது பேராசிரியர்களின் சொந்த விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. நாகல் நகரிலும் திண்டுக்கல் சுற்று வட்டாரத்திலும் வியாபாரம் செய்யும் நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் வணிகவியல்தான் படிக்கிறார்கள். படித்து முடித்த பிள்ளை கடைக்கு வந்தால் கடை வளர வேண்டும். வெளியே வேலைக்குப் போனால் அந்த வேலையில் நிலைக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கட்டிய பணமும் போயிற்று, மூன்று வருடமும் போயிற்று. எனவே அந்தத் துறைகளில் என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது, அதில் நம் பங்கு என்ன என்பதை நம் உறுப்பினர்களுக்குப் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

இரண்டு கடமைகள்

பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறைக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, தொழிற்பயிற்சி. பில்லைப் பார்த்துப் பதிவு போடுவது, பேரேடு கட்டுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது, இருப்புநிலைக் குறிப்புத் தயாரிப்பது, ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்வது ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று, ஆராய்ச்சி. இந்த முறையில் ஏன் எழுதுகிறோம், இது சரியான லாபத்தைக் காட்டுகிறதா, ஒரு சட்டம் மாறினால் சிறு வியாபாரியின் முதல் எவ்வளவு முடங்குகிறது என்றெல்லாம் கேட்டு, கணக்கெடுத்து, விடை காண்பது இதன் வேலை.

முதல் கடமை இன்றைய வேலைக்கு ஆள் தருகிறது. இரண்டாவது கடமை நாளைய வேலைக்கு அறிவு தருகிறது. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் நோய்.

பிரிவு எப்படி வந்தது?

சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையின் தர்மகர்த்தாக்கள் 1886ல் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் வணிகக் கல்விக்கு அதுதான் ஆரம்பம் என்று சொல்லுவார்கள். 1913ல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி தோன்றிய பிறகு வணிகவியல் ஒரு பட்டப்படிப்பாக வேரூன்றியது.

ஆனால் கணக்குத் தணிக்கைத் தொழில் வேறு வழியில் வளர்ந்தது. பிரிட்டனில் 1854ல் எடின்பரோவிலும், 1880ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கும் கணக்காளர் சங்கங்கள் அரச சாசனம் பெற்றன. அங்கே கணக்கர் ஆவதற்குப் பல்கலைக்கழகம் கட்டாயமில்லை. மூத்த கணக்காளரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சில ஆண்டுகள் வேலை பழகிப் பரீட்சை எழுத வேண்டும். தச்சுவேலை, பொன்வேலை பழகுவது போலத்தான். அந்த வழியே இங்கும் வந்தது. 1949ல் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் அதற்கான நிறுவனம் செயல்படத் தொடங்கியது. செலவுக் கணக்காளர்களுக்கு 1959ல் தனிச் சட்டம் வந்தது.

இதனால் ஏற்பட்ட விளைவைக் கவனிக்க வேண்டும். மருத்துவராக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். ஆடிட்டராக வேண்டுமானால் பல்கலைக்கழக வகுப்பில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நிறுவனத்தின் பரீட்சைகளை எழுதி, ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிக்கிள் பயிற்சி முடித்தால் போதும். மூன்றாண்டாக இருந்த அந்தப் பயிற்சிக் காலம், 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆக, தொழிற்பயிற்சி ஒரு வீட்டுக்கும், பட்டம் இன்னொரு வீட்டுக்குமாகப் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. வணிகவியல் துறை முழுத் தொழிற்பயிற்சிக் கூடமும் இல்லை. முழு ஆராய்ச்சிக் கூடமும் இல்லை.

அமெரிக்காவில் ஆடிய ஊசல்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1881ல் வார்ட்டன் பள்ளி தொடங்கியது முதல், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வணிகம் கற்பித்தார்கள். பிற்காலத்தில் அங்கே பெரும்பாலும் அனுபவசாலிகளே வந்து தொழில் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1959ல் ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. வணிகப் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது மேலோட்டமாக இருக்கிறது, ஆராய்ச்சி போதாது என்று அவை கண்டித்தன. உடனே ஊசல் மறுபக்கம் போயிற்று.

அதனால் நன்மையும் விளைந்தது. 1968ல் ரே பால், பிலிப் பிரவுன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்பெனிகள் அறிவிக்கும் ஆண்டு லாபத்துக்கும் பங்கு விலைக்கும் தொடர்பு இருக்கிறது; ஆனால் அந்த லாபச் செய்தியின் பெரும்பகுதி, ஆண்டறிக்கை வெளிவருவதற்கு முன்பே விலையில் ஏறிவிடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு அறிக்கையால் யாருக்கு என்ன பயன் என்பதை ஊகத்தில் பேசாமல் அளந்து பேச வழி காட்டிய ஆய்வு அது.

ஆனால் காலப்போக்கில் பேராசிரியர்கள் எழுதுவதைப் பேராசிரியர்கள் மட்டுமே படிக்கும் நிலை வந்தது. ஆகவே 1986ல் அமெரிக்கக் கணக்கியல் கழகத்தின் குழு ஒன்று, பெட்ஃபோர்டு என்பவர் தலைமையில், கணக்கியல் கல்வியை மாற்றியமைக்கச் சொன்னது. 2012ல் பாத்வேஸ் கமிஷன் என்ற இன்னொரு குழு, ஆராய்ச்சி, கல்வி, தொழில் மூன்றையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும் என்பதையே தன் முதல் பரிந்துரையாக வைத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிப் பார்த்துவிட்டு நடுவுக்கு வந்திருக்கிறார்கள்.

நம் நாட்டு நிலை

நம் ஆசிரியர்களின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழு 2010ல் கொண்டுவந்த விதிகளில், பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியீட்டுக்கும் மதிப்பெண் வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மதிப்பெண்ணுக்காகக் கட்டுரை, கட்டுரைக்காகப் பத்திரிகை என்று ஆனபோது, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகள் முளைத்தன. 2018 மே மாதத்தில் மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்க நேர்ந்தது. ஆராய்ச்சி என்ற பெயரில் எவ்வளவு உழைப்பு வீணாயிருக்கும் என்பதை இந்த ஓர் எண்ணிக்கையே சொல்லும்.

விதிகளும் அடிக்கடி மாறின. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பி.எச்டி. கட்டாயம் என்று 2018ல் சொன்னார்கள். அது தள்ளிப்போய், 2023 ஜூலையிலிருந்து கட்டாயமில்லை, 'நெட்' போன்ற தகுதித் தேர்வே போதும் என்றாயிற்று. இடையில் 2022 நவம்பரில் வந்த விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன.

இன்னொரு பக்கம், தொழிலுக்குக் கதவு திறக்கும் விதிகளும் வந்திருக்கின்றன. ஆடிட்டர், கம்பெனி செக்ரெட்டரி, செலவுக் கணக்காளர் தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்கு இணையாகக் கருதலாம் என்று 2021 மார்ச்சில் மானியக் குழு அறிவித்தது. 2022ல் 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற ஏற்பாடு வந்தது. தம் துறையில் குறைந்தது பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரை, பட்டம் இல்லாவிட்டாலும், கல்லூரியில் பாடம் நடத்த அமர்த்திக்கொள்ளலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்குப் பத்து வரை இப்படி இருக்கலாம். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. நுழைவதற்கு ஆள் வேண்டும்.

பயிற்சி மட்டும் போதாதா?

"இதெல்லாம் எதற்கு? டேலி, ஜி.எஸ்.டி. இரண்டையும் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதும்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்லுகிறேன்.

நான் பள்ளிப் படிப்பை முடித்துக் கடைக்கு வந்தபோது 1959ஆம் வருடத்துத் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம் நடப்பில் இருந்தது. 2007 ஜனவரி 1ல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2022 ஜனவரி முதல், நமக்குச் சரக்கு விற்றவர் தம் படிவத்தில் அந்தப் பில்லைக் காட்டியிருந்தால்தான் உள்ளீட்டு வரியை நாம் கழித்துக்கொள்ளலாம் என்று விதி இறுகியது. 2025 செப்டம்பர் 22ல் வரி விகித அடுக்குகளே மாறின. படிவம் நிரப்ப மட்டும் பழகியவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. வரியின் மேல் வரி விழாமல் கழித்துக்கொண்டே வரும் தத்துவத்தை 2007ல் புரிந்துகொண்டவருக்கு 2017ல் பாதி வேலை மிச்சமாயிற்று.

1494ல் வெனிஸ் நகரில் லூகா பாச்சோலி என்ற துறவி தம் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சிட்டார். வெனிஸ் வியாபாரிகள் அதற்கு முன்பே கையாண்டு வந்த முறைதான் அது. வியாபாரி கண்டுபிடித்ததைப் படித்தவர் ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தார். அதனால் அது உலகெங்கும் பரவியது. பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்ற விதி இன்று கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படியே இருக்கிறது. கருவி மாறும்; தத்துவம் நிற்கும். தத்துவம் தெரியாதவனுக்குக் கருவி மாறும்போதெல்லாம் வேலை போகும்.

ஒரு வெங்காயக் கணக்கு

இரண்டும் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 50 கிலோ வீதம் 100 மூட்டை சின்ன வெங்காயம் வாங்குகிறார். மொத்தம் 5,000 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் முதல் 2,00,000 ரூபாய். கிலோவுக்கு 2 ரூபாய் லாபம் வைத்து 42க்கு விற்கிறார். காய்ச்சலிலும் அழுகலிலும் தோலிலும் நூற்றுக்குப் பத்து எடை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 4,500 கிலோ. விற்று வருவது 1,89,000 ரூபாய். லாபம் என்று நினைத்த இடத்தில் 11,000 ரூபாய் நட்டம். 4,500 கிலோவால் வகுத்துப் பார்த்தால் அசல் அடக்கமே கிலோவுக்கு 44 ரூபாய் 44 காசு. இதில் வண்டி வாடகையும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியும் சேரவில்லை.

இந்தக் கணக்குக்குப் பாடப்புத்தகத்தில் 'இயல்பான இழப்பு' என்று பெயர். நல்ல சரக்கு அந்த இழப்பைச் சுமக்க வேண்டும் என்பது சூத்திரம். மாணவனுக்குச் சூத்திரம் தெரியும். எடை எவ்வளவு குறையும் என்று தெரியாது. நமக்கு மூட்டையைத் தொட்டதும் தெரியும். சூத்திரம் எழுதத் தெரியாது. எந்த மாதச் சரக்கில், எத்தனை நாள் இருப்பில், எத்தனை சதவீதம் குறைகிறது என்பதை ஓராண்டு முழுவதும் எடை போட்டுக் குறித்தால் அதுவே ஆராய்ச்சி. புளிக்கும் மிளகாய்க்கும் இப்படியே பார்க்கலாம். அந்த அட்டவணை கையில் இருந்தால் வியாபாரி விலை வைப்பதில் ஏமாற மாட்டார். இருப்பு ஏன் குறைந்தது என்று அதிகாரி கேட்டால் காட்ட ஓர் ஆதாரமும் இருக்கும். மாணவனுக்குத் தொழிலும் பழக்கமாகும்.

என் கடைக்கு வந்த பட்டதாரிப் பையன் ஒருவனிடம், "தம்பி, இருப்பில் நாலு மூட்டை குறைகிறது. எப்படி எழுதுவாய்?" என்று கேட்டேன். "நட்டக் கணக்குக்குக் கொண்டுபோவேன் முதலாளி" என்றான். "மூட்டை காணாமல் போனாலும் நட்டம், காய்ந்து போனாலும் நட்டம். இரண்டும் ஒன்றா?" என்றேன். சற்று யோசித்து, "புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு. ஆனால் காய்ந்து குறைவதை நேரில் பார்த்ததில்லை" என்றான். பையன் மேல் தவறில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறி வைக்கும் இடத்தை நாம் அவனுக்குக் காட்டவே இல்லையே!

ஆஸ்பத்திரி இல்லாத மருத்துவக் கல்லூரி

2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எந்த மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரி இல்லாமல் நடக்காது. அங்கே ஒரே பேராசிரியர் நோயாளியைப் பார்க்கிறார், அந்தப் படுக்கையருகிலேயே மாணவனுக்குப் பாடம் சொல்லுகிறார், அந்த நோயைப் பற்றியே ஆய்வுக் கட்டுரையும் எழுதுகிறார். பயிற்சியும் ஆராய்ச்சியும் சண்டை போடுவதில்லை. காரணம், இரண்டும் ஒரே நோயாளியிடமிருந்து பிறக்கின்றன.

வணிகவியல் துறைக்கு ஆஸ்பத்திரி எது? கடைதான், மண்டிதான், ஆலையும் கூட்டுறவுச் சங்கமும்தான். அவை கல்லூரிச் சுவருக்கு வெளியே இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி இதுதான். பயிற்சிக்கு இத்தனை மணி, ஆராய்ச்சிக்கு இத்தனை மணி என்று நேரத்தைப் பங்கு போடுவதால் சமநிலை வராது. இரண்டுக்கும் பொருள் ஒரே இடத்திலிருந்து கிடைத்தால்தான் வரும். அந்த இடத்தின் சாவி நம் கையில் இருக்கிறது.

அருகிலேயே ஒரு முன்மாதிரியும் உண்டு. சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தில் 1956ல் தொடங்கி, 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம கிராமிய நிறுவனம், கற்பித்தல், ஆராய்ச்சி என்ற இரண்டோடு 'விரிவாக்கம்' என்ற மூன்றாவதையும் சேர்த்து வைத்திருக்கிறது. மாணவர்கள் கிராமத்தில் தங்கி அங்குள்ள பிரச்சினைகளை அறியும் திட்டம் அங்கு நெடுங்காலமாக உண்டு. கிராமத்துக்கு முடிந்தது கடைவீதிக்கு முடியாதா?

நம்மவர் தயக்கம்

"கணக்குப் புத்தகத்தை வெளியாளிடம் காட்டுவதா?" என்ற கேள்வி உடனே எழும். நியாயமான தயக்கமே. யாரிடம் எவ்வளவு பாக்கி, எங்கே என்ன விலைக்குக் கொள்முதல் என்பது வியாபாரத்தின் உயிர்நாடி. ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரை வெளியிடாமல் நோயைப் பற்றி எழுதுவது போல, இங்கும் செய்யலாம். பார்ட்டி பெயருக்குப் பதிலாக எண் போட்டு நகல் தரலாம். நடப்பு வருடத்தை விட்டுவிட்டுப் பழைய வருடத்துக் கணக்கைத் தரலாம். மாணவரிடமும் துறையிடமும் எழுத்து மூலம் உறுதி வாங்கிக்கொள்ளலாம்.

பழைய பேரேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுப் படிவத்தின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலும் எடைக்குப் போடுகிறோம். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வணிகம், வட்டி, கணக்கு முறைகளை ஆராய்ந்து டேவிட் ரட்னர் என்ற அமெரிக்கர் 1994ல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து படித்த அளவுக்கு மதிப்புள்ளது தமிழ் வணிகரின் கணக்கு. திண்டுக்கல் பூட்டு, புகையிலை, தோல், நூல் வியாபாரங்களின் கணக்கை நம் ஊர் மாணவர் படிப்பதற்குள் காகிதக் கடைக்குப் போய்விடக் கூடாது.

செய்யத்தக்கவை

நம் உறுப்பினர்கள் செய்யக்கூடியவை:

1. ஒவ்வொரு மொத்தக் கடையும் ஆண்டுக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ ஒரு மாதமாவது பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளலாம். பொட்டலம் கட்டவும் டீ வாங்கி வரவும் அல்ல. நாள்வழி, சரக்கு இருப்பு, பாக்கி வசூல், வங்கி ஒத்துப் பார்த்தல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வாரமாகக் காட்ட வேண்டும். பட்டப்படிப்போடு தொழிற்பயிற்சியைச் சேர்த்து நடத்த மானியக் குழு 2020லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

2. நமக்கு விடை தெரியாத கேள்விகள் பத்தை ஆண்டுதோறும் எழுதி, சங்கத்தின் மூலம் துறைத் தலைவர்களிடம் கொடுக்கலாம். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்கலாம் என்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. 2024 ஏப்ரல் முதல் அது அமலானது. நாம் கொடுக்கும் கடன் தவணை எத்தனை நாள், வாங்கும் தவணை எத்தனை நாள், நடுவில் முடங்கும் முதல் எவ்வளவு? இது ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

3. ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளைகளையும் ஊர் ஆடிட்டர்களையும் சிறப்பு வகுப்பெடுக்க அனுப்பலாம். தகுதி உடையவர்களை நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தச் சொல்லலாம்.

4. கெடு முடிந்த பழைய பேரேடுகளைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

கல்லூரித் துறைகளுக்கு நம் வேண்டுகோள் மூன்று. ஆசிரியர்கள் விடுமுறையில் பத்து நாளாவது ஒரு மண்டியிலோ கடையிலோ உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடையில் பழகியதற்கு மாணவருக்கு உள்மதிப்பெண் தர வேண்டும். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி நம் சங்க இதழுக்குத் தர வேண்டும். ஆங்கிலத்தில் வெளிவரும் கட்டுரை பதவி உயர்வுக்கு உதவட்டும். தமிழில் வரும் இரண்டு பக்கம் ஊருக்கு உதவட்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்கு முன் நம் சங்கச் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து, பயிற்சிக்கு இடம் தரச் சம்மதிக்கும் கடைகளின் பட்டியலைத் தயாரித்தால் போதும். முதல் வருடம் பத்துக் கடை சேர்ந்தால் பத்துப் பிள்ளைகள் உருப்படியாக ஒரு தொழிலைக் கண்ணால் காண்பார்கள். சம்மதம் உள்ள உறுப்பினர்கள் தங்கள் பெயரைச் சங்க அலுவலகத்தில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு மொத்த வியாபாரி, நாகல் நகர், திண்டுக்கல்